கூட்டு சரி, கப்பல் முறிந்தது



வழக்கமாக இந்த நேரத்தில் வரிப் படிவம், ஓய்வூதியம், வீட்டுக் கடன் வட்டி என்று உங்களோடு பேசுகிறவன் நான். இம்முறை கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளனுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காரணம் ஒரு தொலைபேசி அழைப்புத்தான். சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு அம்மா பேசினார். ஊருக்குக் கடல் வழியாகப் பெட்டி அனுப்பப் போகிறாராம். "தம்பி, எடையைக் கொஞ்சம் குறைச்சு எழுதினால் என்ன? அவ்வளவு பெரிய கப்பலுக்கு என்ரை பெட்டி ஒரு பாரமே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏன் என்பதைப் பேச்சின் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில் கப்பல் எப்படித் தாங்குகிறது, எப்படி முறிகிறது என்று பார்ப்போம்.

கோலியர்ஸ் வுட் நிலையத்தில் ரயில் ஏறி, கெனிங்டனில் மாறினால் எம்பாங்க்மென்ட் நிலையத்தில் இறங்கலாம். தேம்ஸ் கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் சாமுவேல் பிளிம்சோல் என்பவரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் டார்பித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய கப்பல்களில் மாலுமிகள் இறப்பதைக் கண்டு பாராளுமன்றத்தில் சண்டை பிடித்தவர். அவருடைய போராட்டத்தின் பலனாக 1876ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு கோடும் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடு நீரில் மூழ்கும் அளவுக்குப் பாரம் ஏற்றக் கூடாது. அதுதான் பிளிம்சோல் கோடு.

நேயர்களே, அந்தக் கோடு சொல்வது மொத்தக் கூட்டை மட்டும். மொத்தக் கூட்டு சரியாக இருந்தாலும் உள்ளே பிழை இருக்கலாம் என்பது கணக்குப் படித்த எல்லோருக்கும் தெரியும். பரீட்சை மீதி இரு பக்கமும் ஒத்து வந்துவிடும். ஆனால் ஓரிடத்தில் நூறு கூடியும் இன்னோரிடத்தில் நூறு குறைந்தும் இருக்கும். ஈடுசெய் வழு என்று அதைச் சொல்வோம். கப்பல் விடயத்திலும் அதே கதைதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து அறைகள் கொண்ட ஒரு கப்பலை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையையும் தண்ணீர் 100 தொன் அளவுக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறது. ஆக 500 தொன். நாம் ஏற்றிய பாரமும் 500 தொன். கூட்டு சரி. ஆனால் நாம் ஏற்றியதோ முதல் அறையில் 150, இரண்டாவதில் 75, நடுவில் 50, நான்காவதில் 75, கடைசியில் 150. இப்போது வங்கிக் கணக்கில் மீதி போடுவது போல ஓர் அறையாகப் போட்டுக் கொண்டு வாருங்கள். முதல் அறைக்குப் பிறகு 50 மிச்சம். அடுத்ததற்குப் பிறகு 25. பிறகு எதிர்க்கணியமாக 25. பிறகு எதிர்க்கணியமாக 50. கடைசியில் பூச்சியம். கணக்கு மூடிவிட்டது. ஆனால் இடையில் அந்த மீதிகள் எங்கே போயின? அவற்றைக் கப்பலின் இரும்புத் தகடுகள் சுமக்கின்றன. இரு முனையும் பாரமாகித் தொங்க, நடுப்பகுதி மேலே வளைய முற்படுகிறது. அந்த வளைக்கும் விசை நடுவில்தான் அதிகம்.

இது ஆடாத நீரில். கடலில் அலை இருக்கிறதே! ஓர் அலையின் முகடு கப்பலின் நடுவில் வந்து நின்றால், முனைகள் இரண்டும் ஆதாரம் குறைந்து கீழே தொங்கும். அடுத்த சில வினாடிகளில் முகடுகள் இரண்டும் முனைகளுக்குப் போக, நடுப்பகுதி பள்ளத்தில் தொய்யும். ஒரு கம்பியை மேலும் கீழும் வளைத்து வளைத்து முறிப்போமே, கடல் கப்பலை அப்படித்தான் செய்து பார்க்கிறது. கப்பலின் ஆயுள் முழுவதும் அது நிற்பதில்லை.

இதைத் தாங்குவது எப்படி? ஓர் அடிமட்டத்தை எடுங்கள். தட்டையாகப் பிடித்தால் சுலபமாக வளையும். விளிம்பு மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்தால் வளையாது. நடு அச்சிலிருந்து தூரத்தில் உள்ள இரும்புதான் வளைவைத் தடுக்கிறது. அதனால்தான் கப்பலின் மேல் தளமும் அடித்தளமும் அதன் பலத்தின் உயிர்நிலைகள். பிறகு ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை வெளியே எடுத்து, இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். முறுகிக் கொள்ளும். உறைக்குள் போட்டு முறுக்கினால் அவ்வளவு சுலபமாக முறுகாது. கொள்கலன் கப்பல்களின் மேல்தளம் பெரிய பெரிய திறப்புகளாகவே இருக்கும், பெட்டிகளை மேலிருந்து இறக்க வேண்டுமே. ஆகவே அவை உறை இல்லாத தீப்பெட்டிக்குக் கிட்ட உள்ளவை. அவற்றின் பக்கச் சுவர்களையும் மேல் விளிம்புகளையும் மிகத் தடித்த உருக்கினால் கட்டுவதன் காரணம் இதுதான்.

இன்னொன்று. ஒரு தபாலட்டையை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் கிழியாது. அதே அட்டையை இரு முனையிலிருந்தும் உள்நோக்கி அழுத்தினால் உடனே நெளிந்துவிடும். கப்பல் தகடுகளும் அப்படியே. நடு மேலே வளையும்போது அடித்தளம் நசுக்கப்படுகிறது. அங்கே ஒரு தகடு நெளிந்தால் அது தன் பங்குச் சுமையைப் பக்கத்துத் தகட்டின் மேல் தள்ளிவிடும். அதுவும் நெளியும். பங்காளிகளில் ஒருவர் கடனைக் கட்டாமல் ஒதுங்கினால் மற்றவர் தலையில் விழுமே, அது போல.

இந்த நாட்டில் அது 2007ஆம் ஆண்டு நடந்தது. எம்.எஸ்.சி. நப்போலி என்ற கொள்கலன் கப்பல், 275 மீற்றர் நீளம், 1991இல் கட்டப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரி 18ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயில் புயலுக்கு எதிராகப் போய்க் கொண்டிருந்தபோது, இயந்திர அறைக்கு அருகே அதன் உடல் பிளந்தது. 26 பேரும் உயிர்காப்புப் படகில் இறங்க, கடற்படை ஹெலிகொப்டர்கள் அவர்களைத் தூக்கிக் காப்பாற்றின. பிறகு கப்பல் டெவன் கரையில் பிரான்ஸ்கோம் என்ற ஊருக்கு முன்னால் தரைதட்ட வைக்கப்பட்டது. ஒதுங்கிய பெட்டிகளை உடைத்து மோட்டார் சைக்கிள்களைச் சனங்கள் உருட்டிக் கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நானும் சிரித்தேன்.

கடல் விபத்து விசாரணைக் கிளையின் அறிக்கை வெளிவந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதில் இரண்டு விடயங்கள் என்னைப் பிடித்துக் கொண்டன. ஒன்று, அக்காலத்து விதிகளின்படி தகடுகள் நெளியுமா என்ற சோதனை கப்பலின் நடு 40 வீதப் பகுதிக்கு மட்டுமே கட்டாயம். இயந்திர அறைப் பகுதி அதற்கு வெளியே இருந்தது. பேரேட்டின் நடுப் பக்கங்களை மட்டும் கணக்காய்வு செய்துவிட்டுக் கையெழுத்து வைத்த மாதிரி. உடைந்தது சோதிக்காத பக்கத்தில்தான்.

இரண்டாவது, எடை. மேல்தளத்தில் நனையாமல் இருந்த ஏறக்குறைய 660 கொள்கலன்களை இறக்கி நிறுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 137, அதாவது ஐந்தில் ஒன்று, பத்திரத்தில் எழுதிய எடையிலிருந்து 3 தொன்னுக்கு மேல் வேறுபட்டன. ஒரு பெட்டியில் வித்தியாசம் 20 தொன். அந்த 137 பெட்டிகளும் மொத்தத்தில் பத்திரத்தைவிட 312 தொன் கூடுதலாக இருந்தன. இந்த எடைப் பிழை ஒன்றினாலேயே கப்பல் முறியவில்லை என்பதையும் அறிக்கை சொல்கிறது. வடிவமைப்பில் பலக்குறைவு இருந்தது. பெரிய அலைகளுக்கு எதிரே அந்த வேகத்தில் போனதும் சேர்ந்தது. ஆனால் கப்பலுக்கு எஞ்சியிருந்த பாதுகாப்பு மிச்சத்தை அந்த எடையும் தின்றது.

இப்போது நான் ஏன் அந்த அம்மாவுக்கு உடனே பதில் சொல்லவில்லை என்று சொல்கிறேன்.

நான் இலண்டனுக்கு வந்த புதிதில், வணிகமாணிப் பட்டத்தை வைத்துக் கொண்டு, இங்கே தொழில்முறைப் பரீட்சைகளுக்குப் படித்துக் கொண்டே, சனிக்கிழமைகளில் தென் இலண்டனில் கடற்பொதி அனுப்பும் ஒருவரிடம் கணக்கு எழுதினேன். நல்ல மனிதர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மா, பால்மா, உடுப்பு, சட்டி பானை, தையல் இயந்திரம் என்று பெட்டி பெட்டியாக வரும். தராசு ஒன்று மூலையில் கிடந்தது, அதன் மேலும் பெட்டிதான் அடுக்கியிருக்கும். "அண்ணை, இதுக்கு என்ன எடை போடுறது?" என்று கேட்பேன். "ஒரு மட்டுமட்டாய்ப் போடு தம்பி. கப்பல் எவ்வளவு பெரிசு, எங்கடை நாலு பெட்டியாலை அது தாழவே போகுது?" என்பார். நான் போட்டேன். ஒரு நாளில்லை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு கொள்கலனுக்கும் அச்சிட்ட பட்டியலில், அழகான நேர்கோட்டில், கற்பனை எடைகள். கீழே கூட்டு மட்டும் சரியாக இருக்கும், அதில் எனக்குப் பெருமையும் கூட.

நப்போலிக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் கணக்கால் எந்தக் கப்பலும் முறிந்ததாக நான் அறியேன். ஆனால் அந்த அறிக்கையை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த 137 பெட்டிகளுக்கும் எடை எழுதியவர்கள் யார்? எங்கோ ஒரு களஞ்சியத்தில், ஒரு சனிக்கிழமை, என்னைப் போல ஒருவர்தான். அவரும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார்.

அதன் பிறகும் பாடம் முடியவில்லை. 2013 ஜூன் 17ஆம் திகதி, எம்.ஓ.எல். கொம்போர்ட் என்ற 316 மீற்றர்க் கப்பல், யப்பானில் 2008இல் கட்டப்பட்டது, சிங்கப்பூரிலிருந்து ஜெட்டாவுக்குப் போகும் வழியில் ஏமனுக்கு அப்பால் இந்து சமுத்திரத்தில் நடுவால் பிளந்தது. ஐந்து வயதுக் கப்பல். 26 பேரும் தப்பினார்கள். இரு துண்டுகளும் தனித்தனியே மிதந்தன. பின்துண்டு பத்து நாளில் தாழ்ந்தது. முன்துண்டு இழுத்து வரும்போது தீப்பிடித்து அதுவும் தாழ்ந்தது. அடித்தளத் தகடுகள் நெளிந்ததில் முறிவு தொடங்கியதென்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அதே வகைச் சகோதரக் கப்பல்களின் அடித்தளத்திலும் நெளிவுகள் தெரிந்தன, அவற்றைப் பலப்படுத்தினார்கள். பெரிய கொள்கலன் கப்பல்களுக்கான பல விதிகள் 2015இல் இறுக்கப்பட்டன. 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிறுத்து உறுதி செய்த எடை இல்லாமல் எந்தக் கொள்கலனையும் கப்பலில் ஏற்றக் கூடாது. ஒன்றில் நிரப்பிய கொள்கலனை முழுதாக நிறுக்க வேண்டும், அல்லது உள்ளே போகும் ஒவ்வொன்றையும் நிறுத்து, வெற்றுக் கொள்கலனின் எடையோடு கூட்ட வேண்டும். பொறுப்பு அனுப்புகிறவருடையது. இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்த சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தலைமையகம் தேம்ஸ் கரையில், அல்பேர்ட் எம்பாங்க்மென்ட்டில் இருக்கிறது.

இதுவரை நல்ல கப்பலைப் பற்றிப் பேசினோம். அடிபட்ட கப்பலை எப்படி மதிப்பிடுவது?

முதலில், அடிபடாத கப்பலுக்கே தேய்வு உண்டு. உப்புநீர் ஆண்டு தோறும் இரும்பைத் தின்னும். எனவே கட்டும்போதே கொஞ்சம் தடிப்பைக் கூட்டி வைப்பார்கள். நாம் பெறுமானத் தேய்வுக்கு ஒதுக்கம் வைப்பது போல. பிறகு ஆண்டுப் பரிசோதனையும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பரிசோதனையும் நடக்கும். மீயொலிக் கருவியைத் தகட்டில் வைத்து எத்தனை மில்லிமீற்றர் மிச்சம் என்று அளப்பார்கள். ஒதுக்கியதைவிடக் கூடத் தேய்ந்திருந்தால் அந்தத் தகட்டை வெட்டி மாற்ற வேண்டும். 1999 டிசம்பரில் பிரான்ஸ் கரைக்கு அப்பால் இரண்டாக முறிந்த எரிகா என்ற எண்ணெய்க் கப்பலுக்கு வயது 24க்கு மேல். உள்ளே துருப்பிடித்து நலிந்திருந்தது.

மோதலோ வெடிப்போ நடந்தால் கணக்கை உடனே புதிதாகப் போட வேண்டும். கிழிந்த தகடுகளை ஏட்டிலிருந்து கழித்துவிட வேண்டும். மிச்சமுள்ள இரும்பு எவ்வளவு வளைவைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். இது ஒரு பக்கம். மறுபக்கம், உள்ளே புகுந்த நீர் புதிய பாரம், அது எந்த அறையில் நிற்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். பிறகு, இழுத்துப் போகும் வழியில் என்ன அலை வரும்? தாங்கும் அளவையும் வரப்போகும் சுமையையும் ஒப்பிட்டுத்தான் முடிவு எடுப்பார்கள்: வேகத்தைக் குறைப்பதா, எந்த அறையிலிருந்து எதை மாற்றுவது, எங்கே கொண்டு போவது. கடலில் நிற்கும் கப்டனால் இதைத் தனியே செய்ய முடியாது. அதனால் இலண்டனின் லொயிட்ஸ் றெஜிஸ்டர் போன்ற வகைப்படுத்தும் சங்கங்கள் கப்பல்களின் மாதிரியைக் கணினியில் முன்கூட்டியே வைத்திருந்து, இரவு பகலாக உதவுகின்றன. 5,000 தொன்னும் அதற்கு மேலும் கொள்ளும் எண்ணெய்க் கப்பல்களுக்கு இப்படிக் கரையிலிருந்து உடனே கணித்துக் கொடுக்கும் ஏற்பாடு கட்டாயம்.

2002 நவம்பர் 13இல் ஸ்பெயினுக்கு அப்பால் பிரெஸ்ரிஜ் என்ற எண்ணெய்க் கப்பல் அடிபட்டது. 77,000 தொன் எண்ணெய். கரைக்கு வர விடவில்லை, வெளிக்கடலுக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் அலையில் அலைந்து 19ஆம் திகதி இரண்டாக முறிந்தது. ஐந்து ஆண்டு கழித்து நப்போலியின் விடயத்தில் பிரித்தானிய அதிகாரிகள் வேறு முடிவு எடுத்தார்கள். போர்ட்லன்ட் துறைமுகம் வரை அது தாங்காது என்று தெரிந்ததும், வேண்டுமென்றே பிரான்ஸ்கோமில் தரைதட்ட வைத்தார்கள். கரை ஓரளவு அழுக்கானது. வெளியே உடைந்திருந்தால் அழிவு பெரிது.

எங்கள் ஊர்க் கடலில் இரண்டையும் பார்த்துவிட்டோம். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்கு ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பலின் இயந்திர அறை, அம்பாறைக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி இறந்தார். இயந்திரப் பகுதி எரிந்தும், இரட்டைச் சுவர் கொண்ட சரக்குத் தாங்கிகள் நின்று பிடித்தன. அந்தச் சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை.

அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் கைவிட்டது. எக்ஸ்-பிரஸ் பேர்ள், கட்டி முடித்துச் சில மாதமே ஆன புதுக் கப்பல். ஒரு கொள்கலனிலிருந்து நைத்திரிக் அமிலம் ஒழுகியது. கட்டாரின் ஹமாட், இந்தியாவின் ஹசீரா, இரு துறைமுகங்களும் அதை இறக்கிக் கொள்ளவில்லை. 2021 மே 20இல் கொழும்புக்கு முன்னால் தீ தெரிந்தது. 25இல் வெடிப்பு. உருக்கு 550, 600 பாகை வெப்பத்தில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுக்க முயன்றபோது, நீர் நிறைந்த பின்புறம் 21 மீற்றர் ஆழத்தில் தரையில் இருந்துவிட்டது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் அதில் இருந்தன. நீர்கொழும்புக் கரையெல்லாம் பனி பெய்தது போலக் கிடந்ததைப் படங்களில் பார்த்தோம். கடற்றொழிலாளர் வலை போட முடியாமல் இருந்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது. இத்தனைக்கும் தொடக்கம் ஒழுங்காக அடைக்காத ஒரு பெட்டி.

நான் வடமராட்சியான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன். அந்தக் கப்பலைக் கட்டியவர்களுக்குக் கணினி இல்லை. ஆனால் ஏற்றுகிற ஒவ்வொரு மூட்டையையும் கண்ணால் பார்த்து, கையால் தூக்கி, எங்கே வைப்பதென்று சொல்ல ஆள் இருந்தது. இன்று பெட்டியின் உள்ளே என்ன என்று கப்டனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது நாம் எழுதிக் கொடுக்கும் கடதாசி மட்டும்தான். அந்தக் கடதாசியை வைத்துத்தான் கப்பலின் கணினி வளைவைக் கணிக்கிறது.

ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில் இது. அம்மா, உங்கள் ஒரு பெட்டியால் கப்பல் முறியாது. ஆனால் உங்களைப் போல நினைத்து எழுதிய பெட்டிகள் ஒரே கப்பலில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவற்றைக் கூட்டிப் பார்க்கக் கப்டனிடம் வேறு கணக்கு இல்லை. குளியலறைத் தராசில் வைத்தாவது நிறுத்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பற்றரி, வாசனைத் திரவியம், சிகரெட் லைற்றர், தின்னர் போன்றவை இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். முகவர் "மட்டுமட்டாய்ப் போடுவம்" என்றால், வேறு முகவரைப் பாருங்கள்.

அண்ணை இப்போது இல்லை. அவர் கடையும் எப்போதோ மூடிவிட்டது. அந்தப் பட்டியல்களின் பிரதி ஒன்று மட்டும் என் பழைய கோப்பு ஒன்றில் கிடக்கிறது. கூட்டு இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. அதை எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை. என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல்நாள் அதைத்தான் காட்டுகிறேன்.

அடுத்த மாதம் வழக்கம் போல வரிக் கணக்கோடு சந்திப்போம். அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன். வணக்கம்.